தலைவர்தம் இல்லக்கிழத்தியரும் கொல்லிமலை எவலின் அம்மையாரும்

தோற்றுவாய்

ஒரு நாட்டின் வரலாற்றினை எழுதுவோர் அந்நாட்டை ஆண்ட தலைவர்தம் பெயர்களை நிரல்பட நிறுத்தி, அவர் செய்த போர்களையும் வகுத்த சட்டங்களையும் விரித்துரைப்பர். அத்தலைவரோடு ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து, அவர்தம் இன்பதுன்பங்களிற் பங்குகொண்டு, பலகாலும் அவர் பணியிற் பாதியைத் தம் தோள்மேற் சுமந்த மனைவியரைப் பற்றியோ ஒரு வரி, இரு வரி எழுதி அமைவர். இவ்வழக்கம் எந்நாட்டிற்கும் பொதுவாகும்.

தலைவன் ஒருவனுக்கு மனைவியாதல் ஒரு பதவியா? பதவியாயின், அதனை அவளுக்கு அளித்தவர் யாவர்? அதன் கடமைகள் எவ்வேட்டில் எழுதப்பட்டுள்ளன? கணவனது ஆட்சி முடிந்தபின், அல்லது அவன் உயிர் நீங்கியபின், அவளது பணியும் உடன் முடிந்துவிடுகின்றதா? இவ்வினாக்களை ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர்தம் மனைவியர் வரலாற்றை ஒரு பாலும், எம் கொல்லிமலையில் வாழ்ந்து மறைந்த எவலின் பிராண்ட் அம்மையாரின் வரலாற்றை மற்றொரு பாலும் வைத்து நோக்குவாம். வெள்ளை மாளிகை எங்கே, கொல்லிமலை வாழவந்தி எங்கே என்று நகைப்பார் நகைக்கலாம். மாளிகையின் பரப்பை அளத்தல் ஈண்டு எமது கருத்தன்று. அதனுள் வாழ்ந்தவர் செய்த பணியை அளத்தலே கருத்தாம்.

பண்டைத் தமிழகத்தில்

செம்மேட்டின் நடுவே வல்வில் ஓரியின் சிலை குதிரைமேல் வீற்றிருக்கின்றது. ஆடித்திங்களில் அவன் பெயரால் விழா எடுக்கின்றனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனை வன்பரணர் புறநானூற்றிற் பாடினர். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூறு கூறும். அவன் வில்லின் ஆற்றலும் கொடையின் பெருமையும் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நம் செவியில் ஒலிக்கின்றன. அவன் மனைவியின் பெயரோ நமக்கு எட்டவில்லை. அவ்வள்ளல் பாணர்க்கும் விறலியர்க்கும் வழங்கிய சோற்றைச் சமைப்பித்த மனைத்தலைவி ஒருத்தி அவ்வீட்டில் இருந்தே இருப்பாள். அவளுக்குச் சிலையுமில்லை, பாட்டுமில்லை.

புறநானூற்றிற் பெயர் பெற்ற அரசர் மனைவியர் சிலர் உளர். வள்ளல் பேகனின் மனைவி கண்ணகியை அப்பாடல்களால் அறிகின்றோம். கணவனாற் கைவிடப்பட்டு அவள் வருந்தியபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வர் அவள்பொருட்டுப் பேகனிடம் இரந்து பாடினர். அவள் வரலாற்றில் இடம்பெற்றது தான் செய்ததனால் அன்று, தனக்குச் செய்யப்பட்டதனாலேயாம். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தானே ஒரு புலவர். கணவன் இறந்தபொழுது தீப்பாய முனைந்தவளைச் சான்றோர் தடுக்க, அவர்க்கு மறுமொழியாக அவள் கூறிய பாடல் இன்றும் படிப்பார் உள்ளத்தைச் சுடும். கைம்மை நோன்பின் கொடுமையினும் ஈமத்தீயே தனக்கு இனிதென்பது அவள் துணிபு.

இங்கு மாணாக்கர் ஒன்றனை உற்று நோக்குதல் வேண்டும். கணவனை இழந்த அரசிக்கு அக்காலம் காட்டிய வழிகள் இரண்டேயாம்: ஒன்று தீ, மற்றொன்று நோன்பு. மூன்றாவதொரு வழி உண்டென்று எவரும் கூறினாரல்லர். அம்மூன்றாம் வழியைத் தேடியே யாம் பிறநாட்டு வரலாற்றினுட் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டு வழக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பு குடியரசுத் தலைவரின் கடமைகளை வகுத்துரைக்கின்றது; அவர் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்க்குச் சம்பளமும் இல்லை. 1978ஆம் ஆண்டிற் பிறந்த சட்டம் ஒன்றே, தலைவருக்குத் துணைசெய்யும் வாழ்க்கைத்துணைக்கு அரசாங்கப் பணியாளர் உதவலாமென இசைந்தது. ஆயினும் உலகம் அவரை 'முதற் பெருமாட்டி' என்று அழைக்கின்றது. பதவியின்றிப் பட்டம் மட்டும் உள்ள இந்நிலை வியப்புக்குரியதன்றோ?

அப்பெருமாட்டியர் பலராயினும், வெவ்வேறு தன்மையினரான மூவரை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

முதலாமவர் அபிகேல் ஆதம்ஸ் அம்மையார் (1744-1818). கணவர் ஜான் ஆதம்ஸ் விடுதலைப் பணிக்காகப் பிலடெல்பியாவிலும் பின்னர் ஐரோப்பாவிலும் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்தபோது, மாசசூசெட்ஸில் நிலத்தை உழுவித்தவரும் கடனைத் தீர்த்தவரும் மக்களைக் கற்பித்தவரும் இவரே. 1776ஆம் ஆண்டில் பெரியம்மை பரவியபோது, அக்காலத்தில் அச்சத்திற்கிடமாயிருந்த அம்மைப்பாலைத் தாமும் குத்திக்கொண்டு தம் மக்களுக்கும் குத்துவித்தார். அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாள் கணவருக்கு எழுதிய கடிதத்திற் புதிய சட்டங்களை வகுக்குங்கால் பெண்டிரை மறவற்க என்று வேண்டினார். கணவர் அதனை நகைச்சுவையாக எண்ணி விடுத்தார். அமெரிக்கப் பெண்டிர் அனைவர்க்கும் வாக்குரிமையை உறுதிசெய்த திருத்தம் 1920ஆம் ஆண்டில்தான் வந்தது. ஒரு மனைவியின் கடிதத்திற்கு நாடு விடையிறுக்க 144 ஆண்டுகள் ஆயின.

இரண்டாமவர் எடித் வில்சன் அம்மையார். 1919ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் கணவர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தால் வீழ்ந்தார். அமைச்சரும் தூதுவரும் அனுப்பிய தாள்களுள் நோயாளியின் படுக்கைக்குச் செல்லத்தக்கது எது, தகாதது எது என்பதனை அம்மையாரே தெரிந்தெடுத்தார். 1921ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை இந்நிலை நீடித்தது. கணவர்பால் அவர் கொண்ட அன்பை ஐயுறுவார் இலர். ஆயினும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் மக்களறியாமல் அத்துணை அதிகாரத்தைக் கைக்கொள்ளல் தகுமா என்னும் வினா எழாமற் போகவில்லை. குடியரசுத் தலைவர் செயலற்றுப்போனால் யாது செய்வது என்பதனை வரையறுக்கும் 25ஆம் திருத்தம் 1967ஆம் ஆண்டில் நிறைவேறியது.

மூன்றாமவர் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் (1884-1962). 1921இல் கணவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளை வாதத்தாற் கால்களின் ஆற்றலை இழந்தார். அதன்பின் அவர் செல்லலாகாத இடங்களுக்கு அம்மையார் சென்று, அவர் காணலாகாதவற்றைக் கண்டுவந்து கூறினார். கணவர் 1933 முதல் 1945 வரை தலைவராயிருந்த காலத்தில் சுரங்கத் தொழிலாளரையும் வறியோரையும் நேரிற் கண்டார். நாள்தோறும் பத்திரிகைகளில் எழுதினார். பெண் நிருபர்களை மட்டுமே தம் கூட்டங்களுக்கு அழைத்தார். அதனாற் பத்திரிகை நடத்துவோர் பெண்களையும் வேலைக்கு அமர்த்த வேண்டியதாயிற்று. கறுப்பினப் பாடகியாகிய மரியன் ஆண்டர்சனுக்கு மகளிர் சங்கமொன்று தன் மண்டபத்தைத் தர மறுத்தபோது, 1939இல் அச்சங்கத்தினின்றும் விலகினார்.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் கணவர் இறந்தார். தம் கதை முடிந்துவிட்டதெனப் பத்திரிகையாளர் ஒருவரிடம் அம்மையார் கூறினாரென்பர். கதை முடியவில்லை. ஐக்கிய நாடுகள் சபைக்குப் பேராளராகச் சென்ற அவர், மனித உரிமைக் குழுவின் தலைவராயினார். அக்குழு வகுத்த மனித உரிமைப் பேரறிக்கை 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிசு நகரில் ஏற்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றேனும் இல்லை. அக்குழுவில் நம் நாட்டின் ஹன்சா மேத்தா அம்மையாரும் அமர்ந்திருந்தார். ஆண்மக்களை மட்டுங் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லை முதற் பிரிவினின்றும் நீக்கி, மனிதர் யாவரையும் குறிக்குஞ் சொல்லை அமைப்பித்தவர் இவரே. அபிகேல் அம்மையார் கணவரிடம் இரந்ததனை, ஓர் இந்தியப் பெண்மணி ஓர் அமெரிக்கக் கைம்பெண் தலைமை தாங்கிய அவையில் உரிமையாகவே பெற்றார்.

ஆகவே, பெருங்கோப்பெண்டின் காலத்திற் காணப்படாத மூன்றாம் வழி ஒன்று உண்டென்பது தெளிவாகின்றது. கணவனோடு தொடங்கிய பணியைக் கணவனுக்குப்பின் தன் பெயராலேயே தொடர்தல் அவ்வழியாம். அவ்வழியில் எம் மலையில் நடந்தவரை இனிக் காண்பாம்.

வாழவந்தியில் ஓர் இல்லம்

எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் என்னும் அம்மையார் 1879ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். செல்வ வணிகரின் மகளாதலின் ஆடைக்கும் அணிக்கும் குறைவில்லை. ஓவியக்கலை பயின்றவர், வண்ணங்களின்மேற் பெருங்காதல் உடையவர். கிறித்தவ ஊழியராகத் தமிழகம் வந்து தமிழ் கற்றார். 1913ஆம் ஆண்டில் ஜெசி பிராண்ட் என்பாரை மணந்து, அவருடன் கொல்லிமலை ஏறினார். அப்பொழுது அம்மையார்க்கு வயது 34.

அக்காலத்துக் கொல்லிமலையை இன்றைய மலையாக எண்ணுதல் கூடாது. இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து செம்மேட்டிற்கு வருகின்றது. அன்றோ ஏறுவார் காலால் ஏறுதல் வேண்டும். அல்லது டோலியிற் சுமந்து செல்லப்படுதல் வேண்டும். குளிர்சுரத்திற்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மலையில் இராத்தங்க நடுங்குவர். அத்தகைய மலையில் வாழவந்தியில் ஜெசி ஐயர் மரத்தால் அமைத்திருந்த சிறு வீடே புதுமணப்பெண்ணுக்கு மாளிகையாயிற்று.

ஜெசி ஐயர் கட்டிடத் தொழில் அறிந்தவர்; வெப்பநாட்டு நோய்களுக்கு மருந்திடச் சிறிது காலம் பயின்றவர். மலையில் மருத்துவர் வேறெவரும் இல்லாமையால், அவ்வீட்டின் தாழ்வாரமே மருத்துவமனையாயிற்று. செங்கல் அறுத்தல், ஓடு செய்தல், தச்சுவேலை, பட்டுப்பூச்சி வளர்த்தல், ஆரஞ்சு பயிரிடுதல் ஆகியவற்றை அவர் மலைமக்களுக்குக் கற்பித்தார். பள்ளிகள் திறந்தார். இவையனைத்தும் ஜெசி ஐயர் செய்தனவென்றே எழுதப்படுகின்றன. ஆயினும் அவர் ஓர் ஊரில் வழக்குத் தீர்க்கச் சென்றிருக்கும்போது தாழ்வாரத்தில் வந்து நிற்கும் நோயாளிக்கு மருந்திட்டவர் யார்? பள்ளிப் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தவர் யார்? தாயிழந்த மகவை எடுத்துப் பாலூட்டி வளர்த்தவர் யார்? அக்கணக்கில் மனைவியின் பங்கு கணவரின் பங்கிற்குக் குறைந்ததன்று.

முதல் ஏழு ஆண்டுகள் அவர்தம் சமயத்தை மலையில் ஒருவரும் தழுவவில்லை. பூசாரிமார் பகைத்து நின்றனர். முதல் உலகப்போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய கொடிய விஷசுரம் மலையையும் விடவில்லை. அதில் வீழ்ந்த பூசாரி ஒருவருக்கு உற்றாரும் அஞ்சி ஒதுங்கிய வேளையில், கணவனும் மனைவியும் சென்று பணிவிடை செய்தனர். இறக்குந் தறுவாயில் அப்பூசாரி தம் மக்களை அவர் கையில் ஒப்படைத்தார். பல ஆண்டுப் பேச்சினாற் பெறலாகாத நம்பிக்கையை ஒரு கிண்ணக் கஞ்சியினாற் பெற்றனர் என்று கூறலாம்.

இவ்வாழ்வின் விலையையும் மறைத்தல் கூடாது. அவர்க்கு மக்கள் இருவர்: 1914இற் பிறந்த பால், அவருக்கு இளையவளாகிய கோனி. 1923ஆம் ஆண்டில் அவ்விருவரையும் கல்விக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். மகனுக்கு அப்பொழுது வயது ஒன்பது. அவன் தந்தையை மீண்டும் கண்டானல்லன். 1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெசி ஐயர் கருநீர்ச் சுரத்தால் இறந்தார். கொடிய குளிர்சுரம் முற்றிக் குருதியணுக்கள் அழிந்து சிறுநீர் கறுத்துப்போகும் நோய் அது. அவருக்கு வயது 44. அவர் கட்டிய வீட்டின் அருகிலேயே, வாழவந்தி மண்ணில் அவரை அடக்கஞ் செய்தனர்.

கணவருக்குப் பின்

எவலின் அம்மையார்க்கு அப்பொழுது வயது ஐம்பது. துயரத்தாற் பெரிதும் நலிந்து இங்கிலாந்து சென்று மக்களைக் கண்டார். அங்கேயே தங்கியிருந்தால் அவரைக் குறைகூறுவார் ஒருவரும் இரார். அவரோ மீண்டும் தமிழகம் வந்தார். ஆயினும் அவரை அனுப்பிய சங்கத்தார் அவரைச் சமவெளியிற் பணிசெய்யப் பணித்தனர். கணவர் இருந்தவரை மலைப்பணியில் அவரது இடத்தைப் பற்றி ஐயம் எழவில்லை. கணவர் மறைந்ததும், தனித்த பெண் மலையில் எங்ஙனம் இருப்பாள் என்னும் வினா எழுந்துவிட்டது. அவரது பணி கணவரது பணியின் நிழலென்றே எண்ணப்பட்டமைக்கு இதுவே சான்றாம்.

ஏறத்தாழ எழுபதை அணுகும் அகவையில், முதுமை கருதி அவரை ஓய்வுபெறச் செய்தனர். 1947ஆம் ஆண்டில் ஓய்வும் பெற்றார். அதன்பின் அவர் செய்ததே எம் கட்டுரையின் உயிர்நிலை. சங்கத்தின் பணியாளர் என்னும் கட்டு நீங்கியமையால், அவரைத் தடுப்பார் இல்லை; சம்பளமும் இல்லை. மலையேறினார். கணவரும் தாமும் இளமையில் எண்ணியிருந்தபடி, கொல்லிமலையொடு பச்சைமலை, கல்வராயன்மலை முதலாக ஐந்து மலைத்தொடர்களிலும் பணிசெய்ய உறுதிகொண்டார். கழற்றி மடித்து வேறிடங் கொண்டுசென்று மீண்டும் நிறுத்தத்தக்க எட்டடிச் சதுரக் குடில் ஒன்றே அவர்தம் வெள்ளை மாளிகை. மட்டக்குதிரைமேல் ஊர் ஊராகச் சென்றார். குதிரையினின்று விழுந்து எலும்பு முறிந்ததும் உண்டு. பின்னர் இரு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தார். மலைமக்கள் அவரைப் பாட்டி என்று அழைத்தனர். உலகமும் அப்பெயராலேயே அவரை அறிந்தது.

அவர் செய்தவற்றுள் ஒன்றனைச் சற்று விரித்துரைப்பாம். நரம்புச்சிலந்தி என்பது அந்நாளில் ஏழை மக்களை வாட்டிய நோய். நீரிலுள்ள மிக நுண்ணிய பூச்சிகளின் உடலில் அப்புழுவின் குஞ்சுகள் தங்கியிருக்கும். அந்நீரைப் பருகியவரின் உடலுட் புகுந்து, ஏறத்தாழ ஓராண்டில் முழநீளத்திற்கும் மேலாக வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளமாய் வெடித்துப் புழு தலைநீட்டும். எரிச்சலைத் தணிக்க நோயாளி காலை நீரில் வைப்பார். உடனே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்நீரில் விடும். படியிறங்கி நீர் மொள்ளும் கிணறாயின், ஒருவர் காலினின்றும் ஊர் முழுவதற்கும் நோய் பரவும். புழுவை ஒரு குச்சியிற் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தலன்றி வேறு மருத்துவம் இல்லை. இடையில் அறுந்தால் புண் சீழ்கொள்ளும்.

மருந்தில்லா நோய்க்குத் தடுப்பே மருந்து. கிணற்றினுள் எவரும் கால்வையாதபடி சுற்றிலும் கற்சுவர் எழுப்புக என்று அம்மையார் ஊர்தோறும் கற்பித்தார். ஏட்டளவிற் சிறிய அறிவுரைதான். ஆனால், காலங்காலமாகத் தந்தையும் பாட்டனும் இறங்கிய கிணற்றைச் சுவரிட்டு அடைக்கச் சொல்பவரை ஊரார் எளிதில் ஏற்பரா? தம் பிள்ளையை எடுத்து வளர்த்த பாட்டி சொன்னமையால் ஏற்றனர். பெரும் நிலப்பரப்பில் அந்நோய் மறைந்தது. இந்தியா முழுவதிலும் கடைசி நோயாளி காணப்பட்டது 1996ஆம் ஆண்டில். நோய் ஒழிந்த நாடென 2000ஆம் ஆண்டிற் சான்றளிக்கப்பட்டது. எம் மலை அதனை முன்னரே பெற்றதற்கு அம்மூதாட்டியும் ஒரு காரணமாவர்.

வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் தம் வீட்டில் முகம் பார்க்குங் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என அவர் மகனார் எழுதியுள்ளார். ஓவியம் பயின்று அழகை உபாசித்த ஒருவர் தம் முகத்தைக் காண வேண்டாமென ஒதுக்கியது, பிறர் முகங்களைக் காணவேண்டிய வேலை மிகுதியாயிருந்தமையாற் போலும். அம்மகனாரே, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப்புகழ் பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் (1914-2003).

எவலின் அம்மையார் 1974ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் 95ஆம் அகவையில் இறந்தார். அவருடல் மலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு வாழவந்தியிற் கணவர் கல்லறையின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டது.

ஒப்பும் வேற்றுமையும்

இனி இருபாலையும் சீர்தூக்கிப் பார்ப்பாம். ஆண்டுக்கணக்கு ஒன்றே பலவற்றை விளக்கும். எவலின் அம்மையார் ஜெசி ஐயரின் மனைவியாக வாழ்ந்தது 16 ஆண்டுகள். கைம்பெண்ணாக வாழ்ந்தது 45 ஆண்டுகள். அவற்றுள் எவரது ஏவலுமின்றித் தாமே மலைகளிற் பணிசெய்தது ஏறத்தாழ 27 ஆண்டுகள். கணவரோடு செய்த பணியினும் கணவருக்குப்பின் செய்த பணியே காலத்தால் நீண்டது. எலினோர் அம்மையாரும் கணவருக்குப்பின் 17 ஆண்டுகள் வாழ்ந்து, தம் பெயரிலேயே உலகப்பணி செய்தார். இவ்விருவரையும் இன்னாரின் மனைவியெனச் சொல்லி முடித்தல், நூலின் முதற்பகுதியை மட்டும் படித்து நூல் முழுதும் படித்தேமென்பது போலாம்.

ஒப்புமை இஃதாயின், வேற்றுமையும் உண்டு. வெள்ளை மாளிகைப் பெருமாட்டியைப் பத்திரிகைகள் நாள்தோறும் நோக்குகின்றன. அவர் சொல் நாடெங்கும் செல்கின்றது. 1974ஆம் ஆண்டு செப்டம்பரில் பெட்டி போர்டு அம்மையார் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டதை மறைக்காமல் வெளியிட்டபோது, நாணத்தால் வாய்திறவாதிருந்த பெண்டிர் பலர் மருத்துவரை நாடிச் சென்றனர். அவர் இருந்த இடத்தின் உயரமே அச்சொல்லுக்கு வலிமை தந்தது. அவ்வாண்டின் இறுதியில் மறைந்த எவலின் அம்மையார்க்கோ அத்தகைய உயரம் இல்லை. அவர் ஒவ்வோர் ஊருக்கும் நேரிற் சென்று, ஒவ்வொரு கிணற்றடியிலும் நின்று சொல்ல வேண்டியிருந்தது. முன்னவர்க்கு இடம் வலிமை தந்தது. பின்னவர்க்கு நெடுநாட் பழக்கம் வலிமை தந்தது.

எடித் வில்சன் அம்மையாரின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையாம். மனைவியின் பணி எழுதப்படாததாக, கணக்கெடுக்கப்படாததாக இருக்குமிடத்து, அது மறக்கப்படுதலும் உண்டு. மறைவில் வரம்பு கடத்தலும் உண்டு. இரண்டிற்கும் மருந்து ஒன்றே: அப்பணியை வெளிச்சத்திற் கொணர்ந்து, செய்தவர் பெயரால் எழுதுதல்.

மனைவியின் பெருமை கணவனுக்குப் பின்னே மறைந்து நிற்றலே என்று கூறுவாரும் உளர். திருவள்ளுவனார் அவ்வதிகாரத்திற்கு 'வாழ்க்கைத் துணைநலம்' எனப் பெயரிட்டதை அவர் எடுத்துக்காட்டுவர். துணை என்னுஞ் சொல்லுக்கு உடன்நிற்போர் என்பதே பொருள்; நிழல் என்பது பொருளன்று. மரம் வீழ்ந்தால் நிழலும் இல்லையாம். துணையோ, ஒருவர் வீழ்ந்தபின் சுமையைத் தனித்தேந்தி நடக்கும். ஜெசி ஐயர் வீழ்ந்தபின் மலைப்பணி வீழ்ந்துவிடாமை, அவர்க்கு வாய்த்தது துணையே என்பதனை நிறுவுகின்றது.

முடிவுரை

காலம் மாறிவருகின்றது. அமெரிக்காவில் 1993 முதல் 2001 வரை முதற் பெருமாட்டியாயிருந்த ஹில்லரி கிளிண்டன் அம்மையார், பின்னர் மேலவை உறுப்பினராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கி, 2016இல் தலைவர் பதவிக்கே போட்டியிட்டுத் தோற்றார். நம் நாட்டிலோ, ஒடிசா மாநிலத்துச் சந்தால் பழங்குடியிற் பிறந்து, கணவரையும் மைந்தர் இருவரையும் இழந்த திரௌபதி முர்மு அம்மையார் 2022ஆம் ஆண்டிற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். ஒருவருக்கு மனைவியாகவன்றித் தாமாகவே அவ்விருக்கையில் அமர்ந்தார். மலைவாழ் மக்களாகிய எம்மனோர்க்கு அச்செய்தி தந்த உவகை சிறிதன்று.

ஆயினும் இருக்கையில் அமர்வார் என்றுஞ் சிலரே. தாழ்வாரத்தில் மருந்திடுவோரும், கிணற்றடியில் நின்று சொல்வோரும், கணவன் பெயரால் எழுதப்பட்ட பணியைத் தம் கையாற் செய்வோரும் பலர். செம்மேட்டிலும் ஏனைய ஊர்களிலும் அத்தகையார் இன்றும் உளர். பள்ளி அமைத்தவர், தோட்டம் வைத்தவர், சாலைக்குப் போராடியவர் என ஆடவர் பெயரைக் கூறும்போது, அவர் இல்லத்தில் உடன் உழைத்தவள் பெயர் யாது, அவள் செய்தது யாது என்று ஒருமுறை கேட்போமாக. பெரியவர் நினைவில் உள்ள பெயர்களை இப்பொழுதே கேட்டு எழுதிவைத்தல் நம்போலும் மாணாக்கர்க்கு இயலாத செயலன்று. ஓரியின் மனைவி பெயரை இனி எவரும் மீட்டுத் தரல் இயலாது. நம் பாட்டியர் பெயர்களையேனும் நாம் இழவாதிருப்போமாக.